இளவெயிலில் கைத்தடிகள் மாறிய வருஷம்

கோயமுத்தூருக்கு மேற்கே, டவுன் பஸ் திரும்பிக்கொள்ளும் கடைசி ஸ்டாப்புக்கும் அப்பால், மாலை நாலு மணிக்கே மலை தன் நிழலைக் கீழே இறக்கிவிடும் அடிவாரத்தில், இளவெயில் என்று பெயர் வைத்த முதியோர் குடியிருப்பு ஒன்று உண்டு. அதில் நாற்பத்தியொரு பேர் இருந்தார்கள், நாற்பத்தியொரு பேருக்கும் எங்கேயாவது வலித்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, எழுபதைத் தாண்டிய உடம்பு வலிக்காமல் வேறென்ன செய்யும். ஆனால் அவர்கள் வலிக்கிறதென்று சும்மா இருக்கவில்லை, தோட்டம் போட்டார்கள், தம்போலா ஆடினார்கள், பஜனையில் சுருதி சேராமல் சண்டை போட்டார்கள், யார் வீட்டுப் பேரன் எந்த நாட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம்.

சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருந்தது. தேன்மொழி என்ற நாற்பத்தைந்து வயதுக்காரி, மனமகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்பது அவள் உத்தியோகத்துக்கு நிர்வாகம் வைத்த பெயர், மாதா மாதம் முதல் தேதி அந்தப் பலகையில் ஒரு நல்ல குணத்தை சாக்பீஸால் எழுதுவாள், அந்த மாதம் முழுக்க அந்தக் குணத்தை வளர்க்க ஏதாவது ஏற்பாடு செய்வாள். பொறுமை மாதத்தில் ஆயிரம் துண்டுகள் கொண்ட படம் ஒன்றை எல்லாரும் சேர்ந்து அடுக்கினார்கள், கடைசித் துண்டு காணாமல் போனதில் இருந்த பொறுமையும் போயிற்று. கருணை மாதத்தில் தெருநாய்களுக்குச் சோறு வைத்தார்கள், அவை இன்னும் போகவில்லை. சமத்துவ மாதத்தில்தான் நிர்வாகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கைத்தடி வாங்கிக் கொடுத்தது. அதுவரை ஒருவர் வெள்ளிப் பூண் போட்ட தடி வைத்திருந்தார், ஒருவர் குடையை ஊன்றினார், ஒருவர் பேரனின் கிரிக்கெட் ஸ்டம்ப்பை ஊன்றிக்கொண்டு கௌரவமாக நடந்துவந்தார். இப்போது எல்லாத் தடிகளும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. அவற்றை நிறுத்திவைக்க வாசலில் ஒரு மரச் சட்டமும் வந்தது, கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி எல்லாரும் தடியை அங்கே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். கோயில் வாசலில் என்ன நடக்குமோ அதுவேதான் இங்கேயும் நடந்தது.

தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், வெண்பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தோடு வெளியே வந்தவர்கள் ஆளுக்கு ஒரு தடியை எடுத்துக்கொண்டு போனார்கள். தடியோடு வலியும் போயிற்று. மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற கிட்டுசாமிக்கு இருபது வருஷமாக வலது தோளில் வலி, அது அன்று தோளை விட்டுக் கழன்றுகொண்டது, பதிலுக்கு இடது குதிகாலில் ஊசி மாதிரி ஒன்று ஏறிற்று. பத்தடி நடந்து பார்த்துவிட்டு, இது தலைமையாசிரியை அம்மாவின் குதிகாலாச்சே என்று அவரே கண்டுபிடித்தார், ஏனென்றால் அந்தம்மா எப்படிக் காலை எடுத்து வைப்பாரோ அப்படியேதான் அவரும் வைத்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில், ஓய்வுபெற்ற பிறகும் எல்லாருக்கும் தலைமையாசிரியையாகவே இருந்த அந்தம்மா தன் அறையில் தலை வாரக் கையைத் தூக்கப்போய், இது யாருடைய தோள் என்று சீப்பைக் கீழே போட்டார். ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, வலித்தது. பத்து மணிக்குள் வராந்தா முழுக்க ஒருவர் கதவை ஒருவர் தட்டி, என் முழங்கால் உங்களிடம் இருக்கிறதா, இந்த இடுப்பு உங்களுடையதா பாருங்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் யாரோ ஒரு சீட்டு ஒட்டினார்கள்: காணவில்லை, கழுத்துவலி, வலப்பக்கம், குளிரில் அதிகமாகும், கண்டெடுத்தவர் ஒன்பதாம் அறையில் சேர்ப்பிக்கவும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீவத்சன் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர், எது நடந்தாலும் அதற்கு ஒரு நேரம் குறித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவர். அவர் உடனே கூட்டம் போட்டார். இது எப்படி நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, யார் தடி யாரிடம் என்றுதான் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவரவர் தடியில் அவரவர் அறை எண்ணை ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தடிகளைத் திருப்பிக் கொடுத்து, வலிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய பிறகுதான் வினை. அரை நாள் வைத்திருந்த அடுத்தவர் வலி, தன் வலியை விட லேசாக இருந்ததே என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். குதிகால் லேசு என்றார் கிட்டுசாமி, தோள் லேசு என்றார் தலைமையாசிரியை. இரண்டில் ஒன்றுதானே லேசாக இருக்க முடியும், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், ஏன் என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

தேன்மொழி விடுவாளா. பலகையை அழித்துப் பகிர்தல் என்று எழுதினாள். திங்கள் தம்போலா, செவ்வாய் பஜனை, புதன் பத்து முதல் பன்னிரண்டு வரை கைத்தடி மாற்றம் என்று வார நிகழ்ச்சியில் ஏறிற்று. ஸ்ரீவத்சன் விதிமுறை எழுதினார்: சாப்பாட்டு மணிக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நெஞ்சுவலியை மாற்றக் கூடாது, ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வலி வைத்துக்கொள்ளக் கூடாது. சண்டை வராமலா இருக்கும், என் வலியைப் பத்து நிமிஷம்கூட யாராலும் தாங்க முடியாது என்று பெருமை பேசினவர்கள் இருந்தார்கள், லேசான வலியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இழுத்தடித்தவர்கள் இருந்தார்கள். வேறு சிலவும் நடந்தன. ஐம்பத்தியொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஒரு கணவர், பொன்னுரங்கம் என்று பெயர், ஒரு புதன்கிழமை மனைவியின் தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தார், மறுநாளிலிருந்து தன் வேட்டியைத் தானே மடித்து வைத்தார். கிட்டுசாமி தலைமையாசிரியையின் நடையைக் கேலி செய்வதை நிறுத்தினார், அவர் வருவது தெரிந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாரம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர் முபாரக், நாடி பிடிப்பதற்கு முன்பே, இது உங்கள் சொந்த வலிதானா என்று கேட்கப் பழகிக்கொண்டார்.

நாற்பது பேர் மாற்றிக்கொண்டார்கள், ஒருவர் மாற்றிக்கொள்ளவில்லை. பதினான்காம் அறை ஜெயசீலி, பாளையங்கோட்டைக்காரர், முப்பத்துநாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்சாக இருந்தவர், எழுபத்தாறு வயதிலும் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். அவர் தன் தடியைச் சட்டத்தில் வைக்க மாட்டார், கைப்பிடியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணியைச் சுற்றி அடையாளம் வைத்து, உள்ளேயே கொண்டுபோய் நாற்காலி முதுகில் மாட்டிக்கொள்வார். கேட்டால், எனக்கென்ன வலி, சும்மா ஒரு துணைக்கு வைத்திருக்கிறேன் என்று சிரிப்பார். பச்சைப் பொய். பதினான்காம் அறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி, அதற்குள் அவர் நாலு இடத்தில் நின்றார், செம்பருத்திச் செடியிடம் பூவைப் பார்ப்பதாக, அறிவிப்புப் பலகையிடம் படிப்பதாக, மீன் தொட்டியிடம் மீன்களை எண்ணுவதாக, சிமெண்ட் பெஞ்சில் செருப்பு வாரைச் சரிசெய்வதாக. வலது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அந்த வலி காய்ச்சின கம்பி போல இறங்கும், அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. வருஷா வருஷம் ஆனி மாதத்தில் நடைப் பரிசோதனை நடக்கும், அவரவர் அறை வாசலிலிருந்து சாப்பாட்டு அறை வரை டாக்டர் முன்னால் நிற்காமல் நடந்து காட்ட வேண்டும், முடியாதவர்களைப் பின்பக்கத்து அரவணைப்புக் கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள். நல்ல கட்டடம்தான், ஏ.சி. உண்டு, சாப்பாடு கட்டிலுக்கே வரும். ஆனால் ஜெயசீலிக்குக் கட்டில்களைத் தெரியும். படுத்திருப்பவர்களின் தலைக்கு மேலே நின்றுகொண்டுதான் எல்லாரும் பேசுவார்கள், பெயரைச் சொல்லாமல் மூணாம் கட்டில், ஏழாம் கட்டில் என்பார்கள், அவரே எத்தனை ஆயிரம் தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார். வலியில் கத்தின பிள்ளைத்தாய்ச்சிகளை, ஊரில் இல்லாத வலியா, வாயை மூடு என்று அதட்டி அதட்டியே வார்டை அமைதியாக வைத்திருந்தவர், தன் முறை வந்ததும் வாயைத் திறப்பதாவது. போன ஆனியில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து காட்டிவிட்டார், இந்த ஆனிக்கு முடியாதென்று தெரியும். அந்தக் கட்டிலுக்குப் போக அவருக்குப் பயம், சாவதை விடப் பயம், அதை மகளிடம்கூட அவர் சொல்லவில்லை.

கிட்டுசாமிக்கு மட்டும் தெரிந்துபோயிற்று. ஆறு வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜை, அவர் காபியில் திருட்டுத்தனமாகச் சர்க்கரை போடுவதும் சிஸ்டர் தம்ளரைப் பிடுங்கிக்கொள்வதும் தினப்படி வழக்கம். ஆனி பிறந்ததும் ஒருநாள், இந்தம்மா அறிவிப்புப் பலகையில் தினமும் அப்படி என்னதான் படிக்கிறார் என்று அவர் போய்ப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டி கழுவப்போவதாக மாசி மாதம் ஒட்டின காகிதம் ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை. மறுநாள் மேஜையில் குனிந்து, பரிசோதனை அன்றைக்கு உங்கள் தடியை என்னிடம் கொடுங்கள், என் தோளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், என் முறை மறுநாள்தான், அதுவரை நான் பாட்டுக்கு அறையில் உட்கார்ந்திருப்பேன் என்றார். சிஸ்டருக்கு வந்ததே கோபம், பலகையில் இந்த மாதம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டார். தேன்மொழி அந்த மாதம் நேர்மை என்று எழுதியிருந்தாள். கிட்டுசாமி திரும்பிப் பலகையைப் பார்த்தார்.

"நீங்க பின்னாடிக் கட்டடத்துக்குப் போயிட்டா என்னையத் திட்டறதுக்கு ஆளில்லீங் சிஸ்டர்," என்றார்.

சிஸ்டர் இட்லியைப் பிட்டார்.

பரிசோதனை நாள் காலையில் சாப்பாட்டு அறையில் ஜெயசீலி கை கழுவிவிட்டுத் திரும்பினார், நாற்காலியில் மாட்டியிருந்த தடியை எடுத்து ஊன்றினார், ஊன்றியதும் தெரிந்துவிட்டது. கைப்பிடியில் காஸ் துணி இல்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, தோளில் மட்டும் கிட்டுசாமியின் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தது. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். வராந்தா திருப்பத்தில் அவர் சுவரைத் தடவிக்கொண்டு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், கூப்பிடவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பத்து மணிக்கு டாக்டர் முன்னால், இருபத்தைந்து வயதில் வார்டில் ஓடியாடின அதே வேகத்தோடு, இருநூற்றுப் பன்னிரண்டு அடியையும் விறுவிறுவென்று நடந்து முடித்தார். டாக்டர் பிரமாதம் என்று எழுதிக்கொண்டார். அத்தோடு விட்டாரா, தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றினார், மீன் தொட்டியிடம் நின்று முதல்முறையாக மீன்களை நிஜமாகவே எண்ணினார், ஏழு இருந்தன.

அன்றைக்கென்று பார்த்து டாக்டருக்கு உடுமலையில் ஒரு நிக்காஹ். மத்தியானமே கிளம்ப வேண்டும், மறுநாள் வர முடியாது. ஸ்ரீவத்சன் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுநாள் பெயர்களையும் இன்றைக்கே இழுத்துப் போட்டார், அவருக்கு அதெல்லாம் கைவந்த கலை. பதினொன்றரை மணிக்குக் கிட்டுசாமியின் அறைக் கதவைத் தட்டினார்கள். அவசரத்தில் டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்க மறந்தார், கிட்டுசாமியும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் சிஸ்டரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். எழுந்தார், நடந்தார், பதினோராவது அடியில் சுவரைப் பிடித்தார், பிறகு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு மூட்டு கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் சொன்னார். டாக்டர் வருத்தத்தோடு அரவணைப்பு என்று எழுதினார்.

பன்னிரண்டு மணி மோருக்கு வந்த ஜெயசீலிக்குச் செய்தி வாசலிலேயே கிடைத்தது. தம்ளரை வைத்துவிட்டு ஓடினார், ஓட முடிந்தது, அதுவே அவரைச் சுட்டது. கிட்டுசாமி அந்த நாற்காலியிலேயே இருந்தார், காஸ் துணி சுற்றின தடி முழங்கால்களுக்கு நடுவே, கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றி முழுக்க வியர்வை. ஜெயசீலி வாழ்நாளெல்லாம் முகங்களைப் பார்த்தவர், எந்த முகத்துக்கு ஊசி போதும், எந்த முகத்துக்குப் பெரிய டாக்டரையே அழைக்க வேண்டும் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். இந்த முகத்தோடு ஒருத்தி வார்டுக்கு வந்திருந்தால் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவாருங்கள் என்று கத்தியிருப்பார், அவளை வாயை மூடச் சொல்லியிருக்க மாட்டார். அல்லது சொல்லியிருப்பாரோ, எத்தனை பேரிடம் சொன்னாரோ. இது தன்னுடைய முகம், கண்ணாடிக்குக்கூட ஒருநாளும் காட்டாத முகம்.

கிட்டுசாமி கண்ணைத் திறந்தார். "ஏனுங் சிஸ்டர், இதைய வெச்சுட்டுத்தானா தெனமும் சிரிச்சுட்டு இருந்தீங்க?"

ஜெயசீலி அழுதுவிட்டார். அழுதுகொண்டே தன் தடியை அவரிடமிருந்து பிடுங்கினார், அவர் தடியை அவர் கையில் திணித்தார், பிடுங்கின வேகத்தில் வலி இடுப்பில் ஏறி உட்கார்ந்தது, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்து டாக்டரைக் கூட்டிவரச் சொன்னார். டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்க்கொண்டிருந்தவர், திரும்பி வந்தார். அவர் பின்னால் ஸ்ரீவத்சன் வந்தார், தேன்மொழி வந்தாள், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் எல்லாரும் வராந்தாவில்தான் இருந்தார்கள்.

"கிட்டுசாமி அண்ணன்கிட்ட நீங்க பார்த்தது என் வலி, டாக்டர்," என்றார் ஜெயசீலி. "காலையில நான் நடந்தது அவர் புண்ணியத்துல."

டாக்டர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார், கேட்கிற கேள்வியை இன்றைக்குப் பார்த்துக் கேட்காமல் விட்டேனே என்றார். கிட்டுசாமியின் தாளில் எழுதினதை அடித்தார், ஜெயசீலியின் தாளில் எழுதினதையும் அடித்தார், சிஸ்டர் இன்னொரு தடவை நடந்துதான் ஆக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஜெயசீலி நடந்தார். வராந்தாவில் நாற்பது பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள், தடி தரையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்தெட்டாவது அடியில் செம்பருத்தி வந்தது, கால் நின்றுவிட்டது. பூ இருந்தது, பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் பூவைப் பார்க்கவில்லை, திரும்பி, நின்றவர்களைப் பார்த்தார். பின்பக்கத்துக் கட்டடமும் அந்தக் கட்டிலும் கண்ணுக்கு முன்னால் நின்றன. இதைச் சொன்னால் அங்கேதான் கொண்டுபோவார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்த வார்த்தையை அவர் சொன்னார்.

"வலிக்குது. என்னால முடியல. யாராவது வாங்களேன்."

முதலில் வந்தவர் ஸ்ரீவத்சன், அதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமைகூட இல்லை அன்று. அவர் தன் தடியை நீட்டினார், சிஸ்டரின் தடியை வாங்கினார், வாங்கியதும் அவர் வாய் ஒருமுறை கோணிற்று, ஆனால் நடந்தார், சிஸ்டரும் அவருடைய முதுகுவலியோடு பக்கத்தில் நடந்தார். அறிவிப்புப் பலகையிடம் ஸ்ரீவத்சனால் முடியவில்லை, அதற்குள் தலைமையாசிரியை குதிகாலை எடுத்து வைத்து எடுத்து வைத்து முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார், அவர் வாங்கிக்கொண்டார். மீன் தொட்டியிடம் பொன்னுரங்கம் வாங்கினார், அவர் திணறியபோது அவர் மனைவி வாங்கினார், சிமெண்ட் பெஞ்சிடம் ஒன்பதாம் அறைக் கழுத்துவலிக்காரர் தயாராக நின்றார். கிட்டுசாமியும் வந்து கையை நீட்டினார், நீங்கள் இன்றைக்குப் போதுமான அளவு சுமந்தாயிற்று என்று எல்லாரும் சேர்ந்து அவரை விரட்டினார்கள். நாற்பத்தியொரு பேரும் கூட்டமாக, மெதுவாக, ஒருவர் தடி ஒருவர் கையில் மாறி மாறி, செம்பருத்திக்கு அப்புறம் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள், நாய்களும் கூடப் போயின.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த டாக்டருக்கு ஒரு சந்தேகம், இப்படி ஆள் மாற்றி வாங்குவது நிற்பதில் சேருமா, விதியில் இதற்கு இடம் உண்டா என்று செயலாளரையே கேட்டார். ஸ்ரீவத்சன் அப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் மாத்தறது லேட்ல சேராது டாக்டர்," என்றார். "வண்டி அதே வண்டிதான்."

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிரமாதம் என்று எழுதாமல், அரவணைப்பு என்றும் எழுதாமல், வந்து சேர்ந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினான்காம் அறை பதினான்காம் அறையாகவே இருக்கட்டும் என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டு நிக்காஹுக்குக் கிளம்பினார்.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது பாதிப் பேர் கையில் அவரவர் வலி இல்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது, முதலில் சாப்பிடுவோம், பிறகு பிரித்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள், யாருடைய முழங்காலோடோ யாரோ இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார்கள், ஸ்ரீவத்சன் நாளையிலிருந்து மூன்று வேளைக்கும் யார் யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று காகிதத் துண்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். சாப்பிட்டு எழுந்து வாசலில் தடிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜெயசீலியின் தடி கடைசியாக வந்தது. அதை ஏந்தி வந்த ஒன்பதாம் அறைக்காரர் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார்.

ஜெயசீலி வாங்கிக்கொண்டார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வலி அப்படியே இறங்கிற்று, ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. இன்னொன்றும் கூடவே வர வேண்டுமே என்று அவர் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றார். நாளைக்கு என்ன ஆகும், யாருக்குத் தெரிந்துவிடும், எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று இத்தனை வருஷமாக அந்த வலியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பயம், அது வரவில்லை. வெறும் வலிதான் வந்திருந்தது, அதை மட்டும் தனியாக அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

ரொம்ப வலிக்கிறதா என்று கிட்டுசாமி பக்கத்தில் வந்து கேட்டார்.

"வலிக்குது," என்றார் ஜெயசீலி. "கையைக் குடுங்க."